மூன்று ஐந்துகள்: வகுப்பு, பாரம், சாங்கியெம்

காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வீடு. ஜூலை விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து 12 வயதுப் பேரன் வந்து இறங்கியிருக்கிறான். எத்தனையாவது படிக்கிறாய் என்று தாத்தா கேட்டால் "அஞ்சாவது" என்கிறான். தாத்தாவின் முகம் சுருங்குகிறது; இரண்டு வருஷம் பெயிலாகிவிட்டானோ? பையன் படிப்பது சாங்கியெம், அதாவது நம் ஏழாம் வகுப்பு. தாத்தா 1950களில் படித்த ஐந்தாம் பாரம் நம் பத்தாம் வகுப்பு. ஒரே ஐந்து, மூன்று வயதுகளில் நிற்கிறது.

இதை மொழிபெயர்ப்புத் தகராறு என்று தள்ளிவிடலாம். ஆனால் எண்கள் பிரிந்ததற்குக் காரணம் மொழி அன்று. பிரான்சிலும் சரி, சென்னை மாகாணத்திலும் சரி, ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதப் பள்ளிகள் இருந்தன. அந்தப் பிரிவினையின் வடுக்களே இந்தப் பெயர்கள் என்பது என் வாதம்.

வகுப்பு என்பது தொடக்கத்தில் வயதின் பெயரே அல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளை எந்தச் சுவடி வரைக்கும் வந்திருக்கிறான் என்பதே கணக்கு. சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். நெப்போலியன் வீழ்ந்த 1815க்குப் பிறகு, இதன் ஆங்கிலேய வடிவங்கள் பிரான்சுக்குப் போய்ச் சில காலம் கொடிகட்டிப் பறந்தன. பிரெஞ்சுக்காரர்களிடம் வகுப்புக் கணக்கைக் கேட்டு விழிக்கும் நாம், ஒரு காலத்தில் அவர்களுக்கே பள்ளி நடத்தும் வித்தையை அனுப்பியவர்கள். அந்தப் பள்ளிகளில் ஒருவனே வாசிப்பில் ஒரு வகுப்பிலும் கணக்கில் வேறொரு வகுப்பிலும் இருக்கலாம்.

வசதி படைத்தவர்களின் பிரெஞ்சுப் பள்ளி வேறு வழியில் வந்தது. 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கல்விக்கூடங்களிலேயே வகுப்புகளை மேலிருந்து எண்ணும் வழக்கம் இருந்தது. உச்சியில் இருப்பது முதலாவது. புதிதாக நுழைபவன் ஆறாவது. 1802இல் நெப்போலியன் நிறுவிய லிசேக்கள் இதையே எடுத்துக்கொண்டன. 1808இல் பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரேயா வந்ததும் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் கூடியது: உச்சிக்கு இன்னும் எத்தனை படி என்பதையே எண் சொல்கிறது. லத்தீன் படித்து, கட்டணம் கட்டிப் போகும் பள்ளி அது. தன் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கென்று லிசே பதினோராவதில் தொடங்கித் தனி வகுப்புகளையும் வைத்திருந்தது.

கிராமத்துப் பிள்ளைக்கு அந்த எண்களோடு உறவே இல்லை. கல்வியமைச்சர் ஜூல் ஃபெரி 1881இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கி, 1882இல் 6 வயது முதல் 13 வரை கட்டாயமாக்கினார். அந்தப் பள்ளியில் ஆயத்தப் பாடம், அடிப்படைப் பாடம், நடுப்பாடம் என்று பெயர்களே வழங்கின. சே-பே, சே-ஓ, சே-எம் என்று இன்று சுருக்கிச் சொல்வது அவற்றைத்தான். 1959இல் கட்டாயக் கல்வி 16 வயது வரை நீண்டது. 1975இல் எல்லோருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி வந்தது. இரண்டு கட்டடங்களை இடித்து ஒன்றாக்கியபோது கீழ்மாடியில் ஏழைப் பள்ளியின் பெயர்களும் மேல்மாடியில் லிசேயின் எண்களும் தங்கிவிட்டன.

நம் மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனவன் முதல் பாரத்தில் தொடங்கி ஆறாம் பாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினான். போக முடியாதவன் உயர்தர ஆரம்பப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு என்று படித்து இ.எஸ்.எல்.சி.யோடு நின்றான். 'எட்டாவது பாஸ்' என்பதும் 'மூணாம் பாரம்' என்பதும் ஒரே வயது; வீட்டு நிலைமை வேறு. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருக்கும். வங்காளத்திலோ மெட்ரிகுலேஷன் எழுதும் உச்சி வகுப்பையே முதல் வகுப்பு என்றார்கள். மேலிருந்து எண்ணுவது பிரெஞ்சுக்காரர்களின் தனிக் கிறுக்கு இல்லை.

தாத்தாவுக்கு வழி எளிது. சிசியெம் நம் ஆறாம் வகுப்பேதான். இரு எண்களும் சந்திக்கும் ஒரே இடம் அது. அங்கிருந்து பிரெஞ்சு எண்ணை 12இலிருந்து கழித்தால் நம் வகுப்பு கிடைக்கும், 7இலிருந்து கழித்தால் பாரம் கிடைக்கும். சாங்கியெம் ஏழாவது, அதாவது இரண்டாம் பாரம். பிரமியேர் பதினொன்று, அதாவது ஆறாம் பாரம். எண் தீர்ந்துபோன பன்னிரண்டாவதுக்கு தெர்மினால் என்று பெயர். பொருத்தம் இங்கேதான் ருசிக்கிறது. 1960கள் வரை பக்கலோரேயா இரு பகுதிகளாக நடந்தது: பிரமியேர் முடிவில் ஒன்று, தெர்மினால் முடிவில் மற்றொன்று. நம்மிடம் அதே வயதுகளில் எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் இருந்தன. 1978இல் பிளஸ் டூ வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. என்ற பெயர் ஒரு படி இறங்கிப் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரு திசைகளும் அருகருகே வாழும் ஊர் புதுச்சேரி. அங்கே 'கொலேழ்' என்பது 'கல்லூரி' ஆனதால் இன்னொரு குழப்பம். பாரதிதாசன் 16 வயதில் கல்வே கல்லூரியில் சேர்ந்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அதைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக வாசிக்கக் கூடாது. கலவைச் செட்டியார்களின் பெயர் தாங்கிய அந்த 'கொலேழ்' ஒரு பள்ளிக்கூடம். 1826இல் அரசக் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய லிசேயும் அப்படித்தான். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த 1956 ஒப்பந்தம் அதைப் பிரெஞ்சு அரசின் பொறுப்பிலேயே விட்டது. பல ஆண்டுகள் அங்கே பக்கலோரேயா ஏப்ரலிலேயே நடந்ததால், 'பொந்திஷேரி வினாத்தாள்' என்றால் பிரான்ஸ் முழுக்க மாணவர்கள் தேடி எடுத்துப் படித்தார்கள்.

காட்டுப்பாக்கத்துப் பேரன் நாளை இங்கேயே சேர வந்தால், தாத்தாவின் கழித்தல் ஒரு இடத்தில் மட்டும் காலை வாரும். பிரெஞ்சுப் பிள்ளை பிரவே எழுதுவது த்ருவாசியெம் முடிவில், நம் ஒன்பதாவதில். அது பொதுத்தேர்வுதான், சான்றிதழும் உண்டு. ஆனாலும் அதைக் காட்டிப் பதினொன்றாம் வகுப்பு கேட்க முடியாது. நாம் பொதுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை உலுக்கும் பத்தாவது, அவர்களுக்கு செகோந்த். அந்த வருஷ முடிவில் அங்கே பொதுத்தேர்வே கிடையாது.