கடல் கடந்த பாசறை: விண்டோலாண்டா மரவேடுகள் காட்டும் படைவாழ்வு

பாசறை என்னும் சொல் தமிழ் இலக்கியம் பயின்றார்க்குப் புதியதன்று. வினைமேற் சென்ற தலைவன் தங்கும் இடம் அது. தலைவியின் காத்திருப்பிற்குக் காரணமாய் நிற்பதும் அதுவே. நப்பூதனார் முல்லைப்பாட்டிற் காட்டும் பாசறையில் முள்வேலி உண்டு. நாழிகை அறிந்து கூறுவார் உண்டு. புண்பட்டாரை நினைந்து உறக்கம் கொள்ளாத வேந்தன் உண்டு. ஆயின் அப்பாசறையில் இராக் கழித்த எளிய வீரன் ஒருவன், தான் உண்டது யாது, உடுத்தது யாது, ஊரிலிருந்து செய்தி வந்ததோ இல்லையோ எனத் தானே கூறக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. புலவர் வாயிலாகவே அவனைக் காண்கின்றோம்.

இக்குறை நம் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசின் போர்களை எழுதியோரும் பெரும்பாலும் படைத்தலைவர்தம் செயல்களையே எழுதினர். எல்லைப்புறக் கோட்டைகளில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தாரின் நாள்வாழ்வு கல்லறைக் கல்வெட்டுகளிலும் பலிபீட எழுத்துகளிலும் பெயரளவிற்கே புலப்பட்டது. இந்நிலை 1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாறத் தொடங்கியது. இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்துப் பகுதியிலுள்ள விண்டோலாண்டா என்னுமிடத்தில் அகழாய்வு நடத்திய இராபின் பர்லி, மண்ணுள் ஈரமாய் ஒட்டிக்கிடந்த மெல்லிய மரச்சீவல்களைக் கண்டார். அவற்றைப் பிரித்தபோது உட்புறத்தில் மையால் எழுதிய எழுத்துகள் தோன்றின. காற்றுப்பட்டவுடன் மரம் கருத்து எழுத்து மறைந்தது. அகச்சிவப்பு ஒளிப்படம் எடுத்த பின்னரே மீண்டும் படிக்கக் கிடைத்தது. இன்றுவரை வெளிவந்த ஏடுகள் 1,700க்கு மேற்பட்டவை. ஆலன் பௌமன், டேவிட் தாமஸ் என்னும் இரு அறிஞரும் அவற்றை வாசித்து 1983, 1994, 2003 ஆகிய ஆண்டுகளில் பதிப்பித்தனர்.

இவ்வேடுகள் நம் ஓலையை ஒருவாறு நினைவூட்டுவன. அஞ்சலட்டை அளவினதாய், ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பினதாய்ச் சீவிய பிர்ச்சு, ஆல்டர் முதலிய மரத்துண்டில், கரியும் பிசினும் நீரும் கலந்த மையால் எழுதி, நடுவில் மடித்து, புறத்தே முகவரி இட்டனர். ஓலையிற் கீறி எழுதுவது போன்றதன்று. எழுதுகோலால் மைதொட்டு எழுதுவது. எழுத்து விரைவெழுத்து, மொழி இலத்தீன், அதுவும் இலக்கண நூலார் ஒப்பும் இலத்தீன் அன்று. பேச்சுவழக்கு இடையிடையே தலைகாட்டும்.

எழுதியோர் உரோம நகரத்தார் அல்லர் என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். கி.பி. 85ஐ ஒட்டி இங்கு எழுந்த கோட்டையில் அடுத்தடுத்துத் தங்கியவை துணைப்படைகளாகும். துங்கிரியர் இன்றைய பெல்சியப் பகுதியினர். படாவியர் இரைன் ஆற்று முகத்துவாரத்தினர். படாவியரே 69–70ஆம் ஆண்டுகளில் உரோமரை எதிர்த்துக் கிளர்ந்தவர். ஒரு தலைமுறை கழிவதற்குள் அவர்தம் மைந்தர் உரோமரின் பொருட்டுக் கடல் கடந்து பிரித்தானிய எல்லையைக் காத்து நிற்கின்றனர். ஆட்ரியன் பெயரால் வழங்கும் பெருமதில் 122இல் எழத் தொடங்கியது. ஏடுகளுட் பெரும்பாலன அதற்கு முற்பட்டவை.

ஒரு கோட்டையில் ஒரு படை என்றால் அனைவரும் அங்கேயே வாளேந்தி நின்றனர் என்று கருதுவோம். முதலாம் துங்கிரியப் படையின் கணக்கேடு ஒன்று அக்கருத்தைத் தகர்க்கின்றது. மே 18ஆம் நாள் எழுதிய அவ்வேட்டின்படிப் படையின் மொத்தத் தொகை 752. அவருள் 456 பேர் கோட்டையில் இல்லை. 337 பேர் கோரியாவில், அதாவது இன்றைய கார்பிரிட்சில் உள்ளனர். 46 பேர் ஆளுநரின் காவலராய்ச் சென்றுள்ளனர். நூற்றுவர் தலைவன் ஒருவன் இலண்டனில் உள்ளான். எஞ்சிய 296 பேருக்கு இருந்த நூற்றுவர் தலைவன் ஒருவனே. அவருள்ளும் நோயுற்றோர் 15, புண்பட்டோர் 6, கண்ணழற்சி உற்றோர் 10. பணிக்குத் தகுதியுடையோர் 265. புண்பட்டாரினும் கண்ணோயாளர் மிகுதி என்பது நோக்கத்தக்கது. நெருப்பு மூட்டிய அடைபட்ட அறைகளில் புகை சூழப் பலர் ஒருங்கு வாழ்ந்ததன் விளைவு இஃது என்று கருதுதல் பொருந்தும். பாசறை வேந்தனின் உறக்கத்தைக் கெடுத்த புண், இங்கே கணக்கின் ஒரு வரியாய், அதுவும் மிகச் சிறிய எண்ணாய் நிற்கின்றது.

உறைவிடம் மரத்தால் ஆயது. எண்மர் ஒரு குழுவாய் ஓர் அறைத்தொகுதியிற் தங்குவது உரோமப் படை வழக்கு. தரையில் பெரணித் தழையும் வைக்கோலும் பரப்பினர். அழுக்கு மிகுந்தபோது அகற்றாமல் மேலே புதுத்தழை பரப்பினர். கோட்டையை இடித்துப் புதிது கட்டுங்கால் பழந்தரைமேல் களிமண்ணும் புற்கரணையும் இட்டு மூடினர். காற்றுப்புகாத அவ்வீரத்தரையே ஏடுகளையும் தோற்பொருள்களையும் இருபது நூற்றாண்டு காத்துத் தந்தது. அன்று வாழ்ந்தார்க்கு ஈரமும் நாற்றமுமாய் இருந்ததே இன்று ஆய்வார்க்குக் கருவூலமாயிற்று.

பகற்பொழுது எவ்வாறு கழிந்தது? ஏப்பிரல் 25ஆம் நாள் எழுதிய பணிப்பட்டியல் ஒன்று தொழிற்கூடங்களில் 343 பேர் இருந்ததாகக் கூறுகின்றது. அவருட் செருப்புத் தைப்போர் 12; குளியற்கூடம் கட்டச் சென்ற கொத்தர் 18. இவர்கள் படைவீரரே. சூளை, களிமண், ஈயம், மருத்துவமனை எனப் பணிகள் விரியும். வாள் அங்கே பேசப்படவில்லை.

உணவைப் பற்றிய ஏடுகளே மிகச் சுவையானவை. வாற்கோதுமை, பீர், திராட்சைத்தேறல், மீன்சாறு, பன்றிக்கொழுப்பு ஆகியவை கணக்குகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பொருள் வாங்கி வருமாறு பணிக்கும் ஓர் ஏடு கோழி இருபது கேட்கின்றது. நல்லன கிடைப்பின் ஆப்பிள் நூறு வாங்கச் சொல்கின்றது. முட்டை நூறோ இருநூறோ, விலை நியாயமாக இருந்தால் மட்டும். 'விலை நியாயமாக இருந்தால்' என்னும் இச்சிறு வரையறையில் ஒரு குடித்தனமே தெரிகின்றது. மாஸ்குலஸ் என்னும் குதிரைப்படைச் சிறுதலைவன் தன் படைத்தலைவன் செரியாலிசுக்கு எழுதிய மடலொன்று, மறுநாள் செய்யவேண்டுவது யாது என்று கேட்டபின், தன் தோழர்களிடம் பீர் இல்லை, அனுப்பக் கட்டளையிடுக என்று முடிகின்றது. தலைவனை அவன் அரசன் என்றே விளிக்கின்றான். படாவியர் தம் குலத்தலைவர் கீழேயே படைபுகுந்தவர் ஆதலின், அவ்விளி உரோமப் படைமரபினின்று வந்ததன்று. ஊரிலிருந்து உடன் வந்தது எனலாம்.

ஆக்டேவியஸ் என்பான் காண்டிடசுக்கு எழுதிய மடல் இவ்வுணவுக்குப் பின்னிருந்த தொல்லையை உணர்த்தும். ஐயாயிரம் மோடியஸ் அளவு தானியக் கதிர் வாங்கியுள்ளான். ஐந்நூறு தெனாரியமேனும் உடனே வாராவிடின் முன்பணம் முந்நூறும் போய் மானமும் போகும் என்கின்றான். தோல்கள் வேறோரூரிற் கிடக்கின்றன. சாலைகள் கெட்டிருக்கும்போது சென்று வண்டி விலங்குகளைத் துன்புறுத்த விரும்பவில்லை என்கின்றான். எல்லையிலிருந்த படையின் வயிறு சேறுபட்ட சாலையை நம்பியிருந்தது.

ஒரு கணக்கேட்டில் காம்பாக்ஸ் என்னும் வீரன் பெயருக்கு எதிரே மிளகு, 2 தெனாரியம் என்று எழுதப்பட்டுள்ளது. தமிழ் பயின்றார் எவரும் இவ்வரியை விரைந்து கடத்தல் இயலாது. கருமிளகு விளைந்தது சேரநாட்டு மலைச்சாரலில். முசிறியிற் கப்பலேறி, செங்கடலும் எகிப்தும் உரோமும் கடந்து, பேரரசின் வடகோடியில் ஓர் எளிய வீரனின் பற்றில் ஏறியிருக்கின்றது. எனினும் இதனைக் கண்டு பெருமிதம் கொண்டு நின்றுவிடுதல் ஆய்வாகாது. மிளகு இங்கே அரசர் விருந்துப்பொருள் அன்று. கடைக்கணக்கில் துண்டோடும் கொழுப்போடும் ஒன்றாய் வரும் சரக்கு. அதுவே இவ்வேட்டின் சிறப்பு.

1973இல் முதன்முதற் கிடைத்த ஏடுகளுள் ஒன்று உடையைப் பற்றியது. பெயர் அழிந்த ஒருவர், பெயர் அழிந்த மற்றொருவருக்குக் காலுறைகளும், இரண்டு இணைச் செருப்பும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதாக எழுதுகின்றார். குளிர்மிக்க அந்நாட்டில் இது சிறு செய்தியன்று. மடல் எழுதுவதே அன்பின் அளவுகோலாயிற்று. சொலெம்னிஸ் என்பான் பாரிசை நோக்கி, ஒரு மடலும் அனுப்பாத அன்பிலி எனக் கடிந்து, நானோ எழுதுகின்றேன், ஆகவே நானே நல்லவன் என்று உரைக்கின்றான். கிரௌத்தியஸ் என்பான் பழைய அறைத்தோழனுக்கு இலண்டனுக்கு எழுதும்போது, இத்துணைக் காலம் மறுமொழி இல்லாதது வியப்பு என்கின்றான். நம் பெரியோரிடமிருந்து செய்தி உண்டா என்று கேட்கின்றான். கத்தரிக்கோல் ஒன்றை விலைக்கு வாங்கி அனுப்பவும் சொல்கின்றான். விடுப்பு வேண்டும் மடல்கள் பன்னிரண்டளவில் உள்ளன. விடுப்பு அருளத் தக்கவனாக என்னைக் கருதுக என்னும் ஒரே வாய்பாடு; வேண்டுவோன் பெயர் மட்டும் மாறும்.

பெண்டிர் இப்பாசறையில் இருந்தனரா? தொல்காப்பியக் கற்பியல் பாசறையிற் பெண்ணொடு கூடி உறைதல் இல்லை என விதித்து, அடுத்த நூற்பாவில் புறத்தோர்க்கு அதனை உடன்படுகின்றது. முல்லைப்பாட்டோ வாள் கச்சிற் கட்டிய மங்கையர் பாசறையில் விளக்கேற்றக் காட்டுகின்றது. உரோமச் சட்டமும் படைவீரன் பணிக்காலத்தில் மணம் புரிதலைத் தடுத்திருந்தது. படைத்தலைவர்க்கு அத்தடை இல்லை. ஆகவே செரியாலிசின் மனைவி சுல்பிசியா லெபிடினா கோட்டைக்குள் வாழ்ந்தாள். வேறொரு கோட்டைத் தலைவனின் மனைவி கிளாடியா செவெரா செப்டம்பர் 11ஆம் நாள் தன் பிறந்தநாளுக்கு அவளை அழைத்து மடல் விடுத்தாள். உடலை எழுத்தன் எழுத, இறுதி வரிகளைத் தன் கையாலேயே எழுதினாள். பெண்ணொருத்தி எழுதி இன்று எஞ்சிய இலத்தீன் கையெழுத்துகளுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்றாகும்.

சட்டம் தடுத்த எளிய வீரர்தம் நிலை என்ன? அகழாய்வில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட தோற்செருப்புகள் கிடைத்துள்ளன. அவற்றுட் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் உரியனவும் உள. அவை தலைவன் மாளிகையில் மட்டுமன்றி வீரர் உறைவிடங்களிலும் கிடைத்தன. விதி ஒன்று கூற, தரை வேறொன்று கூறுகின்றது. விதி நூலை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வை எழுதுதல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. நம் பாசறை பற்றிய நூற்பாக்களையும் இக்கண்கொண்டு மீண்டும் நோக்குதல் தகும் என்பது எம் கருத்து. ஆயினும் ஓர் எச்சரிக்கை: முல்லைத்திணைப் பாசறை சில திங்கள் தங்குமிடம், விண்டோலாண்டா ஆண்டுக்கணக்கில் நிலைத்த கோட்டை. இரண்டினையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் கூடாது.

இதுகாறும் கூறியவற்றால் இவ்வேடுகள் எல்லோர் குரலையும் தருவன என்று கொள்ளற்க. அந்நாட்டுக் குடிகளின் மடல் ஒன்றும் இவற்றுள் இல்லை. அவரைக் குறித்துப் படையினர் எழுதிய குறிப்பொன்று மட்டும் உண்டு: பிரித்தானியர்க்குக் கவசம் இல்லை, குதிரைவீரர் மிகப் பலர், வாளைப் பயன்படுத்துவதில்லை என்று கூறி, 'இழிந்த சிறு பிரித்தானியர்' என்னும் பொருள்படும் சொல்லால் அவரைச் சுட்டுகின்றது. தாமும் வெல்லப்பட்ட இனத்தவராகிய துணைப்படையினர் நடுவே வழங்கிய சொல் இது.

இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய ஏடு ஒன்றுண்டு. கோதுமை வழங்கிய கணக்கின் பின்புறத்தில் அதே கையால் எழுதிய முறையீட்டு வரைவு அது. எழுதியவன் வணிகன் போலும். அவனைக் கோலால் அடித்துக் குருதி சிந்தச் செய்துள்ளனர். படைத்தலைவனிடம் முறையிட முயன்றான், அவனோ நோயுற்றிருந்தான். அலுவலரிடமும் நூற்றுவர் தலைவரிடமும் முறையிட்டான், பயனில்லை. எனவே 'மாட்சிமை' என்னும் சொல்லால் மிக உயர்ந்தோன் ஒருவனை விளித்து எழுதுகின்றான். 122இல் இப்பகுதிக்கு வந்த பேரரசன் ஆட்ரியனே அவன் என்பார் உளர். அவன் முன்வைக்கும் வாதம் இரண்டே: தான் குற்றமற்றவன், தான் கடல் கடந்து வந்தவன். கடல் கடந்து வந்த ஒருவனைக் குற்றவாளி போல் அடித்தல் தகுமா என்பது அவன் கேள்வி.

பீரும் காலுறையும் மடலும் விடுப்பும் வேண்டிய ஏடுகளில் கடல் கடந்த நிலை ஓர் ஏக்கமாய் நின்றது. இவ்வேட்டில் அதுவே உரிமையாய் எழுகின்றது. அவ்வாதத்தின் மறுபுறம், கடல் கடந்து வாராத அந்நாட்டானை அடித்தல் கேட்பாரற்ற செயலாய் இருந்தது என்பதாம். முறையீட்டின் வரைவு கோட்டைக்குள்ளேயே கிடந்து மண்ணுள் மூடுண்டது.