எலும்புக்கு முன்னால் ஒரு வாய்

'எலும்புகள் பேசுகின்றன' என்று தடயவியல் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. எல் மொசோத்தே விஷயத்தில் அது பாதி உண்மை. அங்கே எலும்புகளுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே ஒரு பெண் பேசிவிட்டார்.

எல் சால்வடோர் நாட்டின் மொராசான் பகுதியில் ஒரு சின்ன கிராமம் அது. 1981 டிசம்பர் 11 அன்று, அமெரிக்காவிடம் பயிற்சி பெற்ற அட்லகாட்ல் படைப்பிரிவு ஆண்களை, பெண்களை, குழந்தைகளைத் தனித்தனியே பிரித்துக் கொன்றது, தீ வைத்தது. ருஃபினா அமாயா செடி மறைவில் கிடந்து தப்பினார். கணவரும் நான்கு பிள்ளைகளும் போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளைக்கு எட்டு மாசம். 1982 ஜனவரி 27இல் அவர் சொன்னது நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் இரண்டிலும் வந்தது. அடுத்த மாதமே, அரசுப் படைகள் திட்டமிட்டுக் கொன்றதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் தாமஸ் எண்டர்ஸ் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். குடிசைக்காரியின் சொல் 'ஆதாரம்' என்பதற்குள் வராது போலிருக்கிறது.

தோண்டச் சொல்லி 1990இல் நீதிமன்றம் போனதும் பிழைத்தவர்கள்தான். 1992இல் அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு தேவாலயத்தை ஒட்டிய சிறு கட்டிடத்தைத் தோண்டியது. இடிந்த ஓடுகளுக்கும் மண்சுவருக்கும் அடியில் எரிந்த எலும்புகள். தீயில் எலும்பு முதலில் கறுக்கும். பிறகு சாம்பல் நிறமாகும். கடைசியில் வெளுத்துச் சுருங்கிப் பொடியும். வெப்பத்திலும் வெடிக்கும், குண்டு பட்டாலும் வெடிக்கும். இரண்டையும் பிரித்தறிவதில்தான் எல்லாம் இருக்கிறது. குண்டு நுழைந்த துளை மண்டையோட்டின் உட்பக்கம் சரிவாக விரிந்திருக்கும். அதிலிருந்து கீறல்கள் கிளம்பி ஓடும். தீ அப்படித் துளை போடாது. வயதைப் பல் சொல்லும். இன்னும் முளைக்காத பல் தாடையெலும்புக்குள் ஒளிந்து தப்பிவிடுகிறது.

குறைந்தது 143 பேர். அதில் 131 பேர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே. அவர்களுடைய சராசரி வயசு ஆறு. 245 தோட்டா உறைகள் கிடைத்தன. முத்திரை படிக்க முடிந்த 184உம் அமெரிக்க அரசுக்காக மிசௌரி மாநிலத்து லேக் சிட்டியில் செய்தவை. சில எலும்புக்கூடுகளுக்கு நேர் கீழே, தரைக்குள் குண்டு இறங்கியிருந்தது. தரையில் கிடந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். சண்டையில் செத்தார்கள், கொரில்லாக்களின் இடுகாடு என்ற கதைகளெல்லாம் அதோடு முடிந்தன.

ஆனால் அந்தக் 'குறைந்தது'? கைக்குழந்தைகள் பலர் முழுக்கவே எரிந்துபோயிருக்கலாம், எண்ணிக்கையில் வராமல் போயிருக்கலாம் என்று நிபுணர்களே எழுதினார்கள். எலும்பு பேசும் என்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எலும்பும் மிஞ்சாத பிள்ளைக்காக யார் பேசுவது? நான் விஞ்ஞானத்தை மட்டம் தட்டவில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பொய் இன்னும் நிமிர்ந்து நின்றிருக்கும். ஆனால் தீ முழுசாகத் தின்ற இடத்தில் மிஞ்சியது தாயின் வாய்மொழிதான். அதைத்தான் முதலில் தள்ளிவைத்தார்கள்.

1993 மார்ச் 15இல் ஐ.நா. உண்மை ஆணையத்தின் அறிக்கை வந்தது. ஐந்தே நாளில் பொதுமன்னிப்புச் சட்டம். அதை 2016இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ருஃபினா 2007லேயே இறந்துபோயிருந்தார்.