முதியோரைப் பராமரிப்பது யார்? ஜேர்மனியும் ஜப்பானும் சொன்ன இரு விடைகள்

எனது உம்மம்மா தனது இறுதி நான்கு வருடங்களைப் படுக்கையிலேயே கழித்தார். அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவர் எனது சாச்சி. அதற்காக அவர் வீட்டில் நடத்திவந்த தையல் வகுப்பை நிறுத்த வேண்டியிருந்தது. குடும்பத்தில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தோம். அவர் இழந்த வருமானத்தைப் பற்றி நான் உட்பட எவரும் பேசவில்லை.

வீட்டுக்குள் பேசப்படாத இந்த விடயத்தைச் சட்டமாக்கிய நாடுகளில் ஜேர்மனியும் ஜப்பானும் முக்கியமானவை. இரண்டும் முதியோர் பராமரிப்புக்கென்றே தனியான கட்டாயக் காப்புறுதியை ஏற்படுத்தின. ஆனால், அந்தப் பணம் யார் கைக்குச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு எதிரெதிரான விடைகளையே தந்தன.

பிரச்சினை ஒன்றுதான்

சனத்தொகையில் 65 வயதைத் தாண்டியோர் 7 வீதத்திலிருந்து 14 வீதமாக உயர ஜேர்மனிக்குச் சுமார் 40 வருடங்கள் எடுத்தன. ஜப்பானுக்கோ 1970 முதல் 1994 வரையான 24 வருடங்களே போதுமாயின. இன்று ஜப்பானில் அவர்கள் ஏறத்தாழ 29 வீதம். ஜேர்மனியில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகம்.

ஜேர்மனியில் பராமரிப்பு இல்லத்தின் செலவுக்கு ஓய்வூதியம் போதாமல், சேமிப்பும் கரைந்த முதியோர் அரச நலன்புரி உதவியை நாடினர். அச்சுமை உள்ளூராட்சி மன்றங்களை நெருக்கியது. ஜப்பான் 1973இல் 70 வயதைக் கடந்தோருக்கு இலவச மருத்துவத்தை வழங்கியது. பார்க்க ஆளில்லாத முதியோர் நோய் குறைந்த பின்னரும் மாதக்கணக்கில் வைத்தியசாலைகளில் தங்கினர். வீட்டில் இருந்தோரின் சுமை பெரும்பாலும் மூத்த மகனின் மனைவி மீது விழுந்தது.

ஜேர்மனி: விரும்பினால் பணம்

ஜேர்மனியில் 1994இல் சட்டம் நிறைவேறியது. 1995 ஜனவரியில் பங்களிப்பு அறவிடுதல் தொடங்கியது. தொழில்வழங்குநருக்கு ஏற்படும் செலவை ஈடுசெய்ய, நவம்பரில் வரும் ஒரு புரட்டஸ்தாந்து சமய விடுமுறை நாளையே நீக்கினார்கள். சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையை வைத்துக்கொண்டது. அதனால் அங்குள்ள தொழிலாளர் இன்றும் கூடுதல் பங்கு செலுத்துகின்றனர்.

அங்கே வயது ஒரு நிபந்தனையல்ல, பராமரிப்புத் தேவையே அளவுகோல். வீட்டில் இருப்பவர் தாதியர் சேவையைப் பெறலாம், அல்லது பணமாகப் பெற்றுப் பராமரிக்கும் உறவினருக்குக் கொடுக்கலாம். இரண்டையும் கலந்தும் பெறலாம். 2025இல் இரண்டாம் தரத் தேவையுள்ள ஒருவருக்குச் சேவையாக மாதம் 796 யூரோ வரை கிடைக்கும். பணமாகப் பெற்றால் 347 யூரோ மட்டுமே. இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் உறவினரைப் பராமரிப்பவரின் பெயரில் ஓய்வூதியப் பங்களிப்பையும் இக்காப்புறுதி செலுத்துகிறது.

ஜப்பான்: சேவை மட்டுமே

ஜப்பானின் சட்டம் 1997இல் நிறைவேறி, 2000 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் பங்களிக்க வேண்டும். செலவில் பாதி காப்புறுதிப் பங்களிப்பிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. உள்ளூராட்சி மன்றமே காப்புறுதியை நடத்துகிறது. வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேரப் பராமரிப்பு நிலையம், சில நாட்கள் தங்கும் வசதி, வீடு தேடி வந்து குளிப்பாட்டும் சேவை என எல்லாமே சேவைகள்தாம். பயனாளி செலவில் 10 வீதமும், வருமானம் கூடியவர் 20 அல்லது 30 வீதமும் செலுத்துகின்றனர்.

பணமாகக் கொடுக்கலாமா என்ற விவாதம் அங்கும் கடுமையாக நடந்தது. பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்தன. பணம் குடும்பத்துக்குப் போகும், வேலை மட்டும் மருமகளின் தலையிலேயே நிற்கும் என்பது அவர்களின் வாதம். அந்த வாதமே வென்றது.

இரண்டிலும் குறையுண்டு

ஜேர்மனியில் பராமரிப்புத் தேவையுள்ளோரில் ஐந்தில் நால்வருக்கும் அதிகமானோர் வீட்டிலேயே இருக்கின்றனர். அங்கும் சுமையின் பெரும்பகுதி பெண்களுடையதே. பல குடும்பங்கள் கிழக்கு ஐரோப்பியப் பெண்களை வீட்டோடு வேலைக்கு அமர்த்தியுள்ளன. தொடக்கத்தில் சம்பளத்தில் 1 வீதமாக இருந்த பங்களிப்பு 2025இல் 3.6 வீதமாகியுள்ளது.

ஜப்பானிலும் பராமரிப்புக்காக வருடந்தோறும் சுமார் ஒரு இலட்சம் பேர் தொழிலை விடுகின்றனர். சேவை வழங்கப் போதிய பணியாளர் இல்லை. 2008இல் இந்தோனேசியாவிலிருந்து ஆட்களை வரவழைக்கத் தொடங்கிய அந்நாடு, இப்போது நம் நாட்டு இளைஞர் யுவதிகளையும் இவ்வேலைக்கு எடுக்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதம். பிறர் வீட்டு முதியோரைப் பராமரிக்க ஆள் அனுப்பும் நாம், நம் வீட்டுப் பராமரிப்பைக் கடமை என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறோம். அது கடமைதான். ஆனால் பெற்றோருக்கான கடமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, ஒரு மகளுக்கு மட்டும் உரியதல்ல.

என்னைக் கேட்டால், ஜப்பானின் பகல்நேரச் சேவையும் ஜேர்மனியின் ஓய்வூதியப் பங்களிப்பும் சேர்ந்த ஒன்றே நமக்குப் பொருந்தும் என்பேன். அண்மையில் சாச்சியிடம் இரு முறைகளையும் விளக்கி, எது வேண்டியிருந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “கிழமைக்கு ரெண்டு நாள் யாராவது வந்திருந்தா, நான் வகுப்ப விட்டிருக்க மாட்டேன் மகன்.”