டேங்கர் லாரி எங்கே போகும்?

வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லும் கருங்குழி வடலூர்ப் பக்கம். நான் சொல்வது மதுராந்தகத்தை ஒட்டிய நம் கருங்குழி.

சிறிய ஊர்களில் பாதாளச் சாக்கடை ஏது? செப்டிக் டேங்க்தான். உறிஞ்சிய கழிவை ஏரிக்கரையிலோ ஓடையிலோ ராத்திரியில் திறந்துவிட்டுப் போவார்கள். 2014-ல் அரசு விதிமுறை வகுத்தது. அபராதம் மட்டும் போட்டிருந்தால் லாரிக்காரர் இன்னும் இருட்டான இடமாகத் தேடியிருப்பார். 2017-ல் தமிழகத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கருங்குழியில் வந்தது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். மதுராந்தகத்துக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர்.

பெரிய இயந்திரம் இல்லை. மணற்படுகையில் கசடு தங்கி வெயிலில் காயும். வடிந்த நீர் செடி நட்ட ஜல்லிப் படுகை வழியே ஊர்ந்து, குட்டைக்கு வந்து சேரும்.