போர்வைக்குள் ஓர் அம்மா

குழந்தை கேமராவையே வெறித்துப் பார்க்கிறது. லேஸ் வைத்த வெள்ளை கவுன், காலில் பொத்தான் போட்ட பூட்ஸ். நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில், பூப்போட்ட கனத்த துணியால் தலையிலிருந்து தரைவரை மூடிய ஏதோ ஒன்று. துணி மடிப்பிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கிறது.

விக்டோரியா மகாராணி காலத்துப் படங்களைச் சேர்ப்பவர்கள் இந்த வகைக்கு ‘மறைந்திருக்கும் தாய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் என்ற கலைஞர் திரட்டியவை மட்டுமே ஏறத்தாழ ஆயிரம். 2013இல் வெனிஸ் பினாலே கண்காட்சியில் அவை வரிசையாக வைக்கப்பட்டன. துணிக்குள் இருப்பவர் பெற்றவளாக இருக்கலாம், ஆயாவாகவும் இருக்கலாம். சில படங்களில் திரைக்குப் பின்னால் நின்றிருப்பார். சிலவற்றில் அவர் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்திருப்பார்கள்.

ஏன் இந்தக் கண்ணாமூச்சி? அன்றைய கேமராவுக்கு அவசரம் தெரியாது.

1841 மார்ச்சில் லண்டன் ரீஜென்ட் தெருவின் பாலிடெக்னிக் கட்டடத்து மாடியில் ரிச்சர்ட் பியர்ட் ஸ்டூடியோ திறந்தார். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள இங்கிலாந்தில் அமைந்த முதல் இடம் அது. மின்விளக்கு இல்லாத காலம். சூரியனை நம்பித்தான் தொழில். வெயிலில் கண் கூசாதிருக்கக் கூரைக்கு நீலக் கண்ணாடி. வெளிச்சம் குறைந்த நாளில் வாடிக்கையாளர் நிமிடக் கணக்கில் கல்லாய்ச் சமைந்திருக்க வேண்டும். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்ட பிறகு அது சில விநாடிகளாகக் குறைந்தது. ஆனால், அந்தச் சில விநாடிகள்கூட ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு யுகம். அசைந்தால் முகம் கலங்கிவிடும். ஆகவே, பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்; படத்தில் அந்த ஆள் தெரியக் கூடாது. பிறகு முட்டை வடிவத்தில் துளையிட்ட அட்டையைப் படத்தின் மேல் ஒட்டினால் துணியும் கையும் பெரும்பாலும் மறைந்துவிடும். அட்டை கழன்றுபோன படங்கள்தான் இன்று நம்மைத் திடுக்கிட வைக்கின்றன.

பெரியவர்களைப் பிடித்துவைக்க இரும்புத் தாங்கி இருந்தது. கனமான அடிப்பாகம், நேராக ஒரு கம்பி, அதன் உச்சியில் பிடரியைக் கவ்வும் இரு விரல்கள். கூர்ந்து பார்த்தால் பல படங்களில் நிற்பவரின் பூட்ஸுக்குப் பின்னால் அதன் பாதம் எட்டிப்பார்க்கும். இந்தத் தாங்கியை வைத்துத்தான் இன்று ஒரு கதை உலவுகிறது: பிணங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்களாம்! தலை ஆடாமல் பார்த்துக்கொள்ளச் செய்த கம்பி, ஒரு சடலத்தின் எடையைத் தாங்காது. தாங்கி தெரிகிறது என்றால், நின்றவர் உயிரோடு இருந்தார் என்றே பொருள்.

இறந்தவர்களைப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாத இங்கிலாந்து அது. படுக்கையிலோ தாய் மடியிலோ தூங்குவதுபோல் கிடத்தி எடுத்த அந்த ஒரு படம்தான் பல வீடுகளில் குழந்தையின் ஒரே அடையாளம்.

கேமராவின் இதே மந்தத்தை வைத்து விளையாடியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1856இல் பேயைப் படம் எடுக்கும் வித்தையை விளக்கி எழுதினார். மற்றவர்கள் கடைசிவரை அசையாமல் இருக்க, வெள்ளுடை அணிந்தவர் மட்டும் பாதியில் நழுவிவிட வேண்டும். அவர் உடலுக்குள் பின்னாலிருக்கும் மேசை தெரியும், பேய் தயார். லண்டன் ஸ்டீரியோஸ்கோப்பிக் கம்பெனி இப்படிப்பட்ட படங்களை வேடிக்கைப் பொருளாக விற்றது. 1872இல் அதே லண்டனில் ஃபிரெடரிக் ஹட்சன் என்பவர், தன் படங்களில் விழுபவை நிஜ ஆவிகளே என்றார். ஆவிகளை நம்பியவர்களிலேயே சிலர், ஒரே தட்டில் இருமுறை படம் எடுத்த தடயத்தைக் காட்டி அவரைச் சாடினார்கள். இருந்தும் கூட்டம் குறையவில்லை.

1880களில் வேகமான உலர் தட்டுகள் பரவும்வரை, வீறிட்டு அழும் குழந்தையைத் தெளிவாகப் படம் பிடிப்பது பெரிய சாதனை. அதைச் செய்துவிட்டார் என்று ஆஸ்கர் ரெய்லாண்டரை ஊரே கொண்டாடியது. வாய் பிளந்து அழும் அவருடைய குழந்தைப் படம் பல்லாயிரக்கணக்கில் விற்றது. உணர்ச்சிகளைப் பற்றி டார்வின் 1872இல் வெளியிட்ட நூலிலும் இடம்பெற்றது. நூறாண்டுக்கும் மேலான பிறகுதான் ஆய்வாளர்கள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்கள். எடுத்த படத்தைப் பார்த்துப் பெரிதாக ஒரு சித்திரம் வரைந்து, அந்தச் சித்திரத்தை மறுபடி படம் எடுத்திருந்தார் ரெய்லாண்டர்!

அடுத்த வாரம்: கணவர் ஆல்பர்ட்டின் மார்பளவுச் சிலையோடு கேமரா முன் அமர்ந்த மகாராணி.

(தொடரும்)