பர்மியப் பூனையின் தசையமைப்பு

பர்மியப் பூனை, மியன்மாரைப் பூர்விகமாகக் கொண்ட குட்டை முடிப் பூனை இனம். இன்று வெளிநாடுகளில் வளர்க்கப்படும் இவ்வினத்தின் மூதாய், 1930இல் ரங்கூனிலிருந்து (இன்றைய யாங்கோன்) சான் பிரான்சிஸ்கோ சென்ற வோங் மௌ என்ற பழுப்பு நிறப் பெண்பூனை. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜோசப் தாம்சன் அதைச் சியாமியக் கடுவனோடு இணைசேர்த்தார். குட்டிகளின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் வோங் மௌவே கலப்பினம் என்று புரிந்தது. இந்த இனம் பார்க்கச் சிறியது, தூக்கினால் கனக்கும். பட்டில் பொதிந்த செங்கல் என்பார்கள் வளர்ப்போர்.

அந்தக் கனம் தசையின் கனம். தசைகளின் பெயர்ப் பட்டியல் மனிதனுக்கும் பூனைக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய வேறுபாடு தோளில் இருக்கிறது. மனிதனின் காறை எலும்பு தோள்பட்டையை மார்பெலும்போடு பிணைக்கிறது. பூனையில் அது எந்த எலும்போடும் மூட்டாக இணையாமல் தசைக்குள் புதைந்து கிடக்கும் சிறு துணுக்கு. அதனால் முன்னங்காலை உடலோடு பிணைப்பது தசை மட்டுமே. உயரத்திலிருந்து குதிக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும், தலை நுழையும் சந்தில் உடலும் நுழைந்துவிடுவதும் இதனால்தான். நமக்குக் கழுத்திலிருந்து முதுகுவரை ஒரே தசையாக விரியும் டிரப்பீசியஸ், பூனையில் மூன்று தனித் தசைகள். அவற்றில் முன்னது, காறைத் துணுக்கைத் தாண்டித் தோள் தசையோடு சேர்ந்து, பிடரியிலிருந்து முழங்கைவரை ஒரே பட்டையாக ஓடி முன்னங்காலை முன்னே வீசுகிறது. மார்புத் தசைகள் நமக்கு இரண்டு, பூனைக்கு நான்கு. மேற்கையின் பைசெப்ஸ் தசைக்கு நமக்கு இரு தலைகள், பூனைக்கு ஒன்றே.

பின்னுடலில் கணக்கு தலைகீழாகிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனில் மிகப் பெரிய பிட்டத் தசை குளூட்டியஸ் மாக்ஸிமஸ். பூனையில் அது சிறுத்து, குளூட்டியஸ் மீடியஸ் பெருத்திருக்கும். வாலடியிலிருந்து தொடைக்கு ஓடும் காடோபெமொராலிஸ் நமக்கு இல்லவே இல்லை. அது ஏறக்குறைய முழுவதும் விரைந்து சுருங்கும் இழைகளால் ஆனது. கெண்டைக்காலின் சோலியஸோ மெதுவாகச் சுருங்கும் இழைகளால் ஆனது, நிற்பதற்கு உரியது. 1960இல் நரம்பியலாளர் ஜான் எக்கிள்ஸ் குழுவினர் பூனையின் வேகத் தசைக்கும் மெதுத் தசைக்கும் நரம்புகளை மாற்றிப் பொருத்தி, தசையின் வேகத்தை நரம்பே தீர்மானிக்கிறது எனக் காட்டினர்.

பர்மிய இனத்தில் காணப்படும் தசை நோய் ஒன்று 1980களில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பதிவாயிற்று. சில மாதக் குட்டி திடீரெனத் தளர்ந்து, தலையைத் தூக்க முடியாமல் தாடை மார்பில் படக் குனிந்து நிற்கும். நாய்க்கு இருக்கும் பிடரித் தசைநார் பூனைக்கு இல்லை. தலையைத் தாங்குவது முழுக்கத் தசையின் வேலை என்பதால் தளர்ச்சி முதலில் அங்கேதான் தெரியும். மனிதத் தலையோ கழுத்தின் மேல் சமனாக அமர்ந்திருப்பது.

காரணம் இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது. 2012இல் டபிள்யூஎன்கே4 என்ற மரபணுவில் இதற்கான பிறழ்வு கண்டறியப்பட்டது. இதே மரபணு மனிதனில் பிறழ்ந்தால் விளைவு நேர் எதிர்: பொட்டாசியம் கூடும், இரத்த அழுத்தமும் ஏறும். அதற்குப் பெயர் கார்டன் நோய்க்குறி.

நோயுற்ற குட்டிக்கு வாய்வழிப் பொட்டாசியம் கொடுக்கப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிறழ்வு வந்தால்தான் நோய் வெளிப்படும். ஆகவே நலமாகத் தெரியும் பூனையும் அதைச் சுமக்கக்கூடும். பர்மியப் பூனை வளர்ப்போர் மரபணுச் சோதனை செய்யாமல் இணைசேர்க்கக் கூடாது.