மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக்கதைகளில் தாய்வழி: கல்வராயன் மலையை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்வராயன் மலையிலும் அதனையொட்டிய மலைகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்னும் கருத்து, காலனியகால ஆவணங்கள் தொட்டு எடுத்தாளப்பட்டு வருகிறது. அதே தோற்றக்கதைகள் இம்மக்களின் தாயர் மலைக்கும் அப்பகுதிக்கும் உரிய முன்குடிகள் என்கின்றன. இவ்விரு செய்திகளையும் சேர்த்து வாசிப்பதன் தேவையை, இசுரவேல் குலங்களின் தாய்வழிக் கதைகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மலையாளிப் பழங்குடி, கல்வராயன் மலை, தோற்றக்கதை, தாய்வழி, வேடர், இசுரவேல் குலங்கள்.

முன்னுரை

கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது; 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்குகிறது. இங்குப் பெரும்பான்மையினராக வாழும் மலையாளிகள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ‘மலையை ஆள்பவர்’, ‘மலையில் வாழ்பவர்’ என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. இம்மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் சாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976இல் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது.

மூன்று உடன்பிறந்தார் கதை

லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு (1883) ஒரு வடிவத்தைத் தருகிறது. கரிராமன் என்னும் தெய்வம் காஞ்சியை விட்டு நீங்க, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய மூவரும் தத்தம் குடும்பத்துடன் அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்து வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்தனர் என்பது அது. குடும்பத்துடன் வந்தனர் என்பதால் இவ்வடிவத்தில் மலைப்பெண்களுக்கு இடமில்லை.

எமிங்வே எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச்சுவடி (1907) தரும் வடிவம் இதனின்று வேறுபடுகிறது. காஞ்சி மன்னனோடு பிணங்கிய அவன் உடன்பிறந்தானாகிய பூசகன் தன் மக்களுடன் வருகிறான். நாட்டை ஆண்ட வேடரையும் வேளாளரையும் வென்றபின், சடையக் கவுண்டன் எனப்பெற்ற மூத்தமகன் சேர்வராயன் மலையையும், நடுவண்ணன் பச்சைமலையையும், இளையவன் கொல்லிமலையையும் கொள்கின்றனர். மூத்தவன் கைக்கோளர் குலத்திலும், நடுவண்ணன் வேடர் குலத்திலும், இளையவன் தேவேந்திரர் குலத்திலும் பெண் கொள்கின்றனர். போருக்குப்பின் உணவளித்த தொட்டியர் ஒருவருக்குத் தம் தங்கையை மணமுடித்துத் தருகின்றனர்.

இரு வடிவங்களிலும் காஞ்சி இருக்கிறது, மூவர் இருக்கின்றனர். இவை மாறுபடும் முதன்மையான இடம் ‘தாயர் யார்?’ என்னும் வினாவே ஆகும்.

வேடர் குலப் பெண்களும் மணச்சடங்கும்

கல்வராயன் மலைக்குரிய செய்தி பிரான்சிசு எழுதிய தென்னார்க்காடு விவரச்சுவடியில் (1906) காணப்படுகிறது. மலையில் முன்பு வாழ்ந்த வேடர்களைக் கொன்று அவர்தம் பெண்களை மலையாளிகள் மணந்தனர். மாண்ட வேடக் கணவனைக் குறிக்கும் வகையில் திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் இருந்தது என்பது அதன் சாரம்.

பச்சைமலையிலும் இத்தகைய எச்சங்கள் பதிவாகியுள்ளன. பெண்கள் கணவருக்குப் பரிமாறுமுன் வேட முன்னோருக்கென ஒரு பங்கு உணவை எடுத்துவைத்தனர். மணநாளில் வேடர்க்குரிய அணியாகக் கருதப்பட்ட சீப்பைச் சூடினர். மணப்பந்தலில் வாளும் அம்பும் வைக்கப்பட்டன.

சவ்வாது மலைக் கதையில், வேடர் கவர்ந்துசென்ற ஏழு வேளாளப் பெண்களை மீட்க எழுவர் புறப்படுகின்றனர். உடன்சென்ற நாய்கள் பாலாற்று வெள்ளத்தால் தனியே திரும்பிவிட, எழுவரும் இறந்தனரெனக் கருதி அவர்தம் மனைவியர் ஈமச்சடங்கு முடித்துக் கைம்பெண்களாகின்றனர். வென்று மீண்ட எழுவரும் குலத்தில் ஏற்கப்படாமல், வேடப் பெண்களை மணந்து மலையேறினர். இக்கதை நிகழ்வைச் சக ஆண்டு 1055இல் வைக்கிறது.

வாய்மொழிக் கதை தந்தையரின் பெயரையும் ஊரையும் போற்றுகிறது. தாயரைக் குலப்பெயரால் மட்டுமே சுட்டுகிறது. எனினும் தாயரின் நினைவு சடங்கில் தங்கிவிட்டது. பெண்கள் செய்யும் சடங்குகள் இதில் சிறப்பிடம் பெறுவது கருதத்தக்கது.

இசுரவேல் குலங்களின் தாயர்

விவிலியத்தின் ஆதியாகமம் யாக்கோபின் பன்னிரு மக்களை நான்கு தாயரின்கீழ் வகைப்படுத்துகிறது. ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன் ஆகியோர் லேயாளின் மக்கள். யோசேப்பு, பென்யமீன் ராகேலின் மக்கள். தாண், நப்தலி பணிப்பெண் பில்காளின் மக்கள். காத், ஆசேர் பணிப்பெண் சில்பாளின் மக்கள். லேயாளும் ராகேலும் யாக்கோபின் தாய்மாமன் மகளிர். தமிழர் வழக்கில் முறைப்பெண்கள். பணிப்பெண் வழி வந்த குலங்களின் நிலம் யோர்தானுக்குக் கிழக்கிலும் வட எல்லைகளிலும் அமைந்ததைக் கொண்டு, தாயரின் வரிசை குலங்களின் மதிப்புவரிசையைக் காட்டுகிறது எனக் கொள்ளும் ஆய்வாளர் உளர். அதாவது, தந்தை ஒருவன் என்பது ஒற்றுமையையும், தாயர் பலர் என்பது வேற்றுமையையும் விளக்குகின்றன. காஞ்சி மூவர் கதையும் இவ்வாறே இயங்குகிறது: உடன்பிறப்பு மலைகளை இணைக்கிறது, மனைவியர் அவற்றை வேறுபடுத்துகின்றனர்.

அயற்குலத் தாயர் அங்கும் உளர். யூதாவின் மனைவி கானானியப் பெண். எப்பிராயீம், மனாசே குலங்களின் தாய் ஆஸ்நாத் எகிப்தியப் பூசகனின் மகள். நியாயாதிபதிகள் நூலின் இறுதியில், யாபேஸ் கீலேயாத்தின் மக்கள் கொல்லப்பட்டு, எஞ்சிய நானூறு கன்னியர் பென்யமீனியருக்கு மனைவியராக்கப்படுகின்றனர். வேடரைக் கொன்று அவர்தம் பெண்களை மணந்த கல்வராயன் கதைக்கு இது நெருக்கமானது. இவ்வொப்புமை குருதித் தொடர்பையோ கதைப் பரவலையோ காட்டுவதன்று. குடியேறிய குழுவொன்று ‘இம்மண் எமக்கு எவ்வாறு உரியதாயிற்று?’ என்னும் வினாவுக்குத் தாயர் வழியாக விடை சொல்லும் முறையையே காட்டுகிறது.

தாய்வழிச் செய்தியின் ஆய்வுப் பயன்

தந்தைவழியை மட்டும் வரலாறாக ஏற்போர் மலையாளிகளைச் சமவெளி வேளாளராகவே காண்பர். இது ஏட்டளவில் நிற்பதன்று, ‘இவர்கள் பழங்குடியினரா?’ என்னும் ஐயத்துக்கு வலுவூட்டவும் பயன்படக்கூடியது. பட்டியல் பழங்குடியினர் ஆணையோ தோற்றக்கதையைக் கேட்பதில்லை. தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என மாவட்டங்களின் பெயராலேயே மலையாளிகளை வரையறுக்கிறது. அவ்வெல்லைக்குள் அமையாத ஈரோடு மாவட்ட மலைகளின் மலையாளிகள் அத்தகுதியைக் கோரி வருகின்றனர்.

தோற்றக்கதையைச் சான்றாகக் கொள்வோர் அதனை முழுமையாகக் கொள்ளவேண்டும். காஞ்சியிலிருந்து வந்த தந்தையை நம்பி, மலையில் இருந்த தாயை விட்டுவிடுவது சான்றின் ஒருபாதியைத் தள்ளுவதாகும். கதையை வரலாறாகக் கொள்ளலாகாது என்போர்க்கும் இது பொருந்தும். அவ்வாறாயின் காஞ்சியும் கதையே.

முடிவுரை

மலையாளிகளின் தோற்றக்கதைகள் வருகையை மட்டும் சொல்வனவல்ல. மோதலையும் கலப்பையும் சொல்வன. தாய்வழிச் செய்திகள் ஆவணங்களில் ஓரிரு வரிகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றைத் தாங்கியவை மணச்சடங்கும் அடுக்களை வழக்கமுமே. ஆகவே இம்மலைகளின் வரலாற்றைத் தொகுக்கும் கள ஆய்வு, ஊர்த்தலைவர்களிடமும் பூசகர்களிடமும் கேட்கும் வினாக்களை மலைப்பெண்களிடமும் கேட்டல் வேண்டும்.